இரண்டு சுண்ணாம்புக் குறிகள்

கடலூர் முதுநகரில் உப்பனாற்றுக் கரையில் இருக்கும் அந்தப் பட்டறைக்குப் பதிவில் புனித சூசையப்பர் படகுப் பழுது நிலையம் என்று பெயர். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் ஏதோ மாதா கோயில் என்று நினைத்துக்கொள்வார். டிரினிடாட் யார்டு என்று சொன்னால்தான் வண்டி நேராக வந்து நிற்கும்.

1951-இல் அதை ஆரம்பித்த ஞானாதிக்கம், சரக்குக் கப்பலில் தச்சராகப் போனவர். கப்பல் பழுதாகி, கரீபியன் கடலில் டிரினிடாட் தீவில் ஒரு குடும்பம் நடத்திய பட்டறையில் எட்டு மாதம் கிடந்தது. கப்பல் கிளம்பியபோது ஞானாதிக்கம் அதில் ஏறவில்லை. இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே வேலை பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். காசு பெரிதாகக் கொண்டுவரவில்லை. ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்.

பழுது பார்த்து முடித்த படகை அவர் உடனே ஆற்றில் இறக்கமாட்டார். கரையில் நிற்கும் படகின் வயிற்றில் இடுப்பளவு தண்ணீர் நிரப்பிவிட்டுக் காத்திருப்பார். பலகை இடுக்குகளில் அடித்த பஞ்சு சரியாக இறுகாத இடத்தில் வெளிப்பக்கம் வியர்வை மாதிரி நீர் துளிர்க்கும். வீட்டுப் பெண்கள் படகைச் சுற்றி வந்து, விரலால் தடவிப் பார்த்து, துளிர்த்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுவார்கள். பிறகு வேலையாட்கள் தண்ணீரை வடித்துவிட்டு, அந்த இடத்துப் பஞ்சைப் பிடுங்கிப் புதுப் பஞ்சு அடித்துக் குங்குலியப் பிசின் பூசுவார்கள். பூசிய ஆள்தான் அந்த வட்டத்தை அழிக்கலாம். வேறு யாரும், பட்டறை முதலாளியே ஆனாலும், அதில் கை வைக்கக்கூடாது. அந்தத் தீவுக் குடும்பத்தில் பெரியவரின் மனைவியும் மகள்களும் இப்படித்தான் செய்தார்களாம். வேலை செய்தவனே தன் வேலையைச் சோதிப்பது சரிவராது, கூலி வாங்குகிறவனும் மேஸ்திரி முகத்தைப் பார்ப்பான், இரண்டிலும் சேராதவர்கள் வீட்டுப் பெண்கள்தான் என்பது ஞானாதிக்கத்தின் கணக்கு.

அவர் மகன் தேவசகாயம் அப்படியே நடத்தினார். தேவசகாயத்தின் மகன் சார்லஸ் இப்போது நடத்துகிறான். எழுபத்தைந்தாவது வருஷம் வருகிறதென்று பட்டறையின் சரித்திரத்தைச் சின்னப் புத்தகமாகப் போட ஆசைப்பட்டான். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு ஊருக்கு வந்திருந்த அக்கா பிரிசில்லாவிடம் போனான். பிரிசில்லா சிதம்பரத்தில் ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் கடிதப் பிரிவைப் பார்க்கிறவள். நாற்பத்தோரு வயது.

"அக்கா, நீதான் எழுதணும். இஸ்கூல்ல எனக்கு லீவ் லெட்டரே நீதான எழுதிக் குடுப்ப?"

"எழுதி இன்னா பிரயோசனம்? நான் ஜுரம்னு எழுதுனா, வாத்தியார் கேக்கறப்ப நீ வயித்துவலின்னு சொல்லிட்டு நிப்ப."

"அதுக்குத்தான் இந்தத் தடவ நான் வாயே தொறக்கல. எல்லாம் நீயே எழுது. கடைசில மட்டும் ஒரு வரி வரணும். எங்கள் குறி பார்த்து இறங்கிய படகு ஒன்றுகூடக் கடலில் தண்ணீர் வாங்கியதில்லை. அப்பா எப்பவும் சொல்ற வரி. அத பெரிய எழுத்துல போடணும்."

பிரிசில்லா அவன் கொடுத்த பழைய ரசீதுகளையும் போட்டோக்களையும் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினாள்.

எழுதுவது அவளுக்குச் சிரமமாக இல்லை. தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாள். தேதி, ஆள், படகு, என்ன பழுது, யார் பார்த்தது என்று ஒரு பத்திக்கு ஒரு விஷயமாக எழுதினாள். தாத்தா தீவிலிருந்து வந்தது ஒரு பக்கம். முதல் விசைப்படகு கரையேறியது ஒரு பக்கம். சுனாமியில் நொறுங்கிய முப்பத்தெட்டுப் படகுகளை ஒரே வருஷத்தில் எழுப்பி நிறுத்தியது இரண்டு பக்கம். ஆறு பக்கம் முடிந்தது. அடுத்து வரவேண்டியது 2009.

மூன்று நாள் அந்தப் பக்கம் வெள்ளையாகவே கிடந்தது. நான்காம் நாள் எழுதினாள்.

அந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் மே இருபத்தொன்பதோடு முடிந்தது. தடை முடிகிற வாரத்தில் எல்லாப் படகுக்காரர்களும் ஒரே சமயத்தில் அவசரப்படுவார்கள். இருபத்தெட்டாம் தேதி பட்டறையில் பதினோரு படகுகள் நின்றன. அதில் ஒன்று சுப்பராயலுவுடையது. காலையில் தண்ணீர் நிரப்பி, பிரிசில்லாவின் அம்மா சவரியம்மாள் நான்கு வட்டம் போட்டிருந்தார். மேஸ்திரி ஜெயப்பிரகாஷ் இரண்டை முடித்து அழித்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

சுப்பராயலு வீட்டார் பூசணிக்காயும் சந்தனம் குங்குமமும் கொண்டுவந்து நின்றார்கள். அப்போது பிரிசில்லாவுக்கு இருபத்துநான்கு வயது. முதல் சம்பளத்தில் கேமரா வாங்கியிருந்தாள். படகின் முன்னால் அவர்களை நிறுத்தி ஒரு படம் எடுத்தாள். பின்னால் வெள்ளை வட்டம் இரண்டு அசிங்கமாகத் தெரிந்தன. வேலை முடித்த ஆட்கள் வட்டத்தை அழிக்க மறந்துபோவது அந்த அவசரத்தில் நடக்கிறதுதான். அப்படி மறந்தவை என்று நினைத்தாள். ஈரத்துணியால் துடைத்தாள். சந்தனம் வைத்தார்கள். இன்னொரு படம் எடுத்தாள். சாப்பிட்டுவிட்டு வந்த ஜெயப்பிரகாஷை அடுத்த படகுக்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் படகு ஆற்றில் இறங்கியது.

ஜூன் இரண்டாம் தேதி அந்தப் படகு கடலில் மூழ்கியது. டிரைவர் அன்புமணி மற்ற நான்கு பேரையும் பக்கத்துப் படகுக்கு நீந்தச் சொல்லிவிட்டு, பம்பு நின்றுவிடக்கூடாதென்று எஞ்சின் அறையிலேயே இருந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் உடல் ஒதுங்கியது. குடித்துவிட்டு முகத்துவாரத்து மணல்திட்டில் மோதியிருப்பான், அதில் பலகை விட்டிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். எதிர்க்கரைக் குப்பத்தில் பஞ்சாயத்து கூடியது. தேவசகாயத்தைக் கேட்டார்கள். அதற்கு முந்தின நாள் அவர் வீட்டில் மகளிடம் கேட்டிருந்தார்:

"நாலு எடமும் பாத்தாச்சாம்மா?"

"ஆச்சுப்பா" என்றாள் பிரிசில்லா.

அதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் அவள் கேமராவில் அந்த முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தாள். இரண்டு வட்டத்துக்குள்ளும் பழைய பஞ்சு காய்ந்து கிடந்தது. குங்குலியத்தின் பளபளப்பு இல்லை.

தேவசகாயம் பஞ்சாயத்தில் போய், "சுண்ணாம்பு பாத்துத்தான் எறக்குனேன்" என்று சொன்னார். டிரினிடாட் யார்டு வார்த்தைக்கு அந்த ஆற்றில் எதிர்வார்த்தை கிடையாது. பிழைத்து வந்த நால்வரும்கூட அதற்கு எதிராகச் சாட்சி சொல்லவில்லை. அன்புமணி குடித்துவிட்டுப் படகை மூழ்கடித்தவர் என்று முடிவானது. அவர் மனைவி புஷ்பவள்ளி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குப்பத்தை விட்டே போய்விட்டாள். தேவசகாயம் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கண்ணை மூடினார். கடைசிவரை அவருக்குத் தெரியாது.

இதுதான் ஏழாம் பக்கம். எழுதி முடித்தபோது பிரிசில்லாவுக்குப் பாரம் குறைந்தமாதிரி இருந்தது. அது தப்பான நிம்மதி என்பது மறுநாள்தான் தெரிந்தது.

சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு டைப்பிங் கடை. நடத்துகிறவள் மலர்க்கொடி, அன்புமணியின் மகள். அப்பா போனபோது பன்னிரண்டு வயது. நான்கு வருஷத்துக்கு முன்பு கடை திறந்தபோதே அவள் யார் என்று பிரிசில்லா விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தாள். அன்றிலிருந்து சங்கத்து வேலையெல்லாம் அவளிடமே கொடுத்தாள். தான் எந்த வீட்டுப் பெண் என்று மட்டும் சொன்னதில்லை.

மறுநாள் ஏழு பக்கத்தையும் அவளிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள். எதையும் எழுதித் தந்தே பழகிய கை. இதையும் அப்படியே தந்துவிடலாம் என்று நினைத்தது.

முதல் பக்கத்திலேயே மலர்க்கொடி நிமிர்ந்தாள். "மேடம், நீங்க டிரினிடாட் யார்டு வூடா? நாலு வருஷமா சொல்லவேல்ல! நாங்க நேர் எதிர்க்கரைதான். சின்னப்புள்ளைல உங்க யார்டுக்குள்ள பூந்து பஞ்சு திருடி பொம்மைக்கு முடி வெச்சிருக்கோம்."

"அப்பிடியா" என்றாள் பிரிசில்லா. ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

தட்டச்சுச் சத்தம் மழைபோலச் சீராகப் போனது. நடுவில் இரண்டு பேர் வந்து ஆதார் நகல் எடுத்துக்கொண்டு போனார்கள். சுனாமிப் பக்கம் வந்தபோது மலர்க்கொடி "பாவம்" என்றாள். பிறகு ஏழாம் பக்கத்தை எடுத்து ஸ்டாண்டில் வைத்தாள். முதல் பத்தி ஓடியது. இரண்டாம் பத்தியின் நடுவில் சத்தம் நின்றது.

அவள் டைப் செய்யவில்லை, படித்தாள். முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து படித்தாள். பிறகு எழுந்துபோய்க் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

"இத எங்கிட்டயே டைப் பண்ணக் குடுத்திருக்கீங்க."

பிரிசில்லா ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

"பக்கத்துக்கு இருவது ரூவா. எங்கப்பன் செத்த கதைய நானே அடிச்சி, நானே பிரிண்ட் போட்டு, நானே உங்ககிட்ட காசு வாங்கணும். அப்பிடித்தான?"

"எனக்கு வாயால சொல்ல வரல மலரு…"

"பேரச் சொல்லாதீங்க." அவள் குரல் உயரவில்லை. "நாலு வருஷமா ஆபீஸ் வேலையெல்லாம் இங்கியே கொண்டாந்தீங்களே, அது இதுக்குத்தானா? நான் எங்கம்மாகிட்டப் போயி, ஒரு மேடம் நம்ம மேல ரொம்பப் பிரியமா இருக்காங்கன்னு சொல்லிக்கினு இருந்தேன்."

பிரிசில்லாவுக்கு அழுகை வந்தது. இங்கே அழுவதற்குத் தனக்கு உரிமையில்லை என்று அடக்கிக்கொண்டாள்.

"பத்தாங்கிளாஸ்ல ஒரு பொண்ணு என்னைய குடிகாரன் பொண்ணுன்னு சொன்னா. அவள அடிச்சேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவ வரச்சொன்னாங்க. அம்மா வந்து, அவ சொன்னது நெசந்தானே, நீ ஏன் அடிச்சன்னு எல்லாருக்கும் முன்னால என்னைய அடிச்சாங்க." மலர்க்கொடி அந்தத் தாளை எடுத்து இரண்டாக மடித்துப் பிரிசில்லாவின் கையில் வைத்தாள். "அம்மாவே அத நம்பிடுச்சி. எனக்குச் சொல்லி ஒண்ணும் ஆவப்போறதில்ல. அம்மாகிட்டப் போயி சொல்லுங்க. இந்தப் பேப்பர எடுத்துட்டுப் போவாதீங்க. வாயால சொல்லுங்க."

புஷ்பவள்ளி சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பிரிசில்லா போனபோது வஞ்சிரம் அரிந்துகொண்டிருந்தார். மகள் முன்பே சொல்லிவைக்கவில்லை.

"எவ்ளோ வேணும்மா? நெத்திலி பாரு, இப்பத்தான் வந்தது."

"அக்கா, நான் மீன் வாங்க வரல. நான் தேவசகாயம் பொண்ணு. டிரினிடாட் யார்டு."

கத்தி ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. பிரிசில்லா நின்றபடியே சொன்னாள். நான்கு வட்டம், கேமரா, ஈரத்துணி, அப்பா கேட்டது, தான் சொன்னது. எழுத நான்கு நாள் பிடித்த விஷயம், வாயால் சொல்லும்போது ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நடுவில் ஒரு அம்மாள் வந்து இறால் என்ன விலை என்று கேட்டார். "இன்னிக்கு யாவாரம் இல்ல, போ தாயி" என்றார் புஷ்பவள்ளி. முன்னால் கூடை நிறைய மீன் இருந்தது.

சொல்லி முடித்ததும் புஷ்பவள்ளி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எம்புருசன் குடிக்கலன்னு உனக்கு அன்னிக்கே தெரியும். இல்ல?"

"தெரியும்க்கா."

"எனக்குத் தெரியாமப் போச்சே." அவர் இரத்தம் படிந்த கையைத் தொடையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். "கோயிலுக்கு மாலை போட்டிருந்த மனுசன், அப்பவும் குடிச்சிருப்பான்னு நான் நம்பிட்டேனே. பதினேழு வருசமா அவரத் திட்டிக்கினே சோறு துன்னேனே."

பிரிசில்லா, புத்தகத்தில் எல்லாவற்றையும் போடப்போவதாகச் சொன்னாள்.

"பொஸ்தகத்த எவ படிப்பா? அன்னிக்கு அவுங்க குப்பத்து மீன் ஏலக் கொட்டாயில ஊரக் கூட்டி வெச்சித்தான் அவரு குடிச்சாருன்னு சொன்னாங்க. நீ அங்க வந்து நின்னு சொல்லு. நான் கேக்கணும். அன்னிக்கு எங்கூட அழுவ ஒருத்தியும் வந்து ஒக்காரல. அவளுங்க கேக்கணும்."

அன்று சாயங்காலமே பிரிசில்லா கடலூர் போய்ச் சார்லஸிடம் சொன்னாள். அவன் முதலில் நம்பவில்லை. பிறகு பட்டறையின் நீளத்துக்கு மூன்று தடவை நடந்துவிட்டு வந்தான்.

"ஏங்க்கா, ஏப்ரல்ல தடை ஆரம்பிச்சா நம்ம யார்டுல ஒம்போது போட்டு பழுதுக்கு ஏறுது. இத்தப் போயி அங்க சொன்னா, எவன் நம்ம கரைக்குப் போட்டக் கொண்டாருவான்? நாப்பது பேரு வேல பாக்கறாங்க."

"தெரியும்."

"அப்பா பொய் சொன்னாருன்னு ஆவும். செத்தவரு."

"அப்பா பொய் சொல்லல. நான் சொன்னத நம்புனாரு. அதையும் அங்க சொல்லுவேன். அன்புமணியும் செத்தவருதான் சார்லஸ்."

"இத்தினி வருஷம் சும்மா இருந்த. இப்ப இன்னா வந்திச்சி உனக்கு?"

"நீ பெரிய எழுத்துல போடச் சொன்னியே ஒரு வரி. அத என்னால எழுத முடியல."

அவன் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்க்கரை ஏலக் கொட்டகையில் ஊர்க்கூட்டம். ஐஸ் உருகிய தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. எழுபது எண்பது ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசித் தூண் பக்கமாகப் பெண்கள் நின்றார்கள். அவர்களிலிருந்து கொஞ்சம் தள்ளிப் புஷ்பவள்ளியும் மலர்க்கொடியும் நின்றார்கள். மூழ்கிய படகின் சொந்தக்காரர் சுப்பராயலுவும் வந்திருந்தார். வயதாகிக் கைத்தடி பிடித்திருந்தார்.

பிரிசில்லா முன்னால் வந்தபோது ஊர்த் தலைவர் கையைத் தூக்கினார்.

"இந்தாம்மா, நீங்க நம்ம தேவசகாயம் பொண்ணு, மரியாதை இருக்குது. ஆனா இந்தக் கூட்டத்துல பொம்பளைங்க நின்னு பேசற வழக்கம் கெடையாது. உங்க தம்பிய வரச் சொல்லுங்க."

"நான் வந்துதான் இருக்கேன் மாமா."

சார்லஸ் வாசலில் நின்றான். முழங்கால்வரை சேறு. தனியாக ஒரு சின்னப் படகைச் சேற்றிலிருந்து தள்ளி இறக்கி ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். உள்ளே வந்து அக்காவுக்குப் பக்கத்தில் நின்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்க யார்டுல போட்டு எறங்கலாமா கூடாதான்னு முடிவு பண்றது எங்க வூட்டுப் பொம்பளைங்க. அவுங்க பாத்து வெச்சாத்தான் நீங்க எல்லாரும் நம்பி ஏறுறீங்க. அன்னிக்கு எங்கப்பாவக் கேட்டீங்க, தப்பு. எங்கக்காவக் கேட்டிருக்கணும். இப்பக் கேளுங்க."

தலைவர் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார். "சரி, சொல்லும்மா" என்றார்.

பிரிசில்லா சொன்னாள். கையில் தாள் இல்லை. முதலில் தேதியைச் சொன்னாள், பிறகு படகின் பெயரை, பிறகு நான்கு இடங்களையும் எந்தப் பலகை என்று சொன்னாள். "முடிக்காத ரெண்டு எடத்து அடையாளத்த அழிச்சது நான். எங்கம்மா இல்ல, மேஸ்திரி இல்ல, எங்கப்பாவுக்குத் தெரியாது. அன்புமணி அண்ணன் குடிக்கல. எங்கியும் மோதல. நாங்க ஓட்டையா அனுப்புன போட்டுல நாலு பேரக் காப்பாத்திட்டுச் செத்தாரு" என்று முடித்தாள்.

அந்த நால்வரில் ஒருவர் கூட்டத்தில் இருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பின்வரிசையில் ஒரு பையன், "பதினேழு வருசம் எங்க போயிருந்திச்சி வாயி?" என்று கத்தினான். சுப்பராயலு தடியை ஊன்றி எழுந்தார். "சார்லஸு, என் புது போட்டு நாளைக்கி உங்க யார்டுக்கு வர்றதா இருந்தது. வராது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் பின்னால் இன்னும் மூன்று படகுக்காரர்கள் எழுந்து போனார்கள்.

தலைவர் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "அன்னிக்கு இந்தக் கொட்டாயில சொன்ன முடிவு தப்பு. அன்புமணி மேல ஊருக்கு ஒரு குத்தமும் இல்ல. ஊருதான் அவுங்க வூட்டுக்குக் குத்தம் பண்ணியிருக்குது" என்றார்.

பிரிசில்லா புஷ்பவள்ளியைத் தேடி இரண்டடி வைத்தாள். மலர்க்கொடி நடுவில் வந்து நின்றாள்.

"போதும் மேடம். நீங்க கெளம்புங்க."

அதில் கோபம் இருந்ததா என்று பிரிசில்லாவுக்குத் தெரியவில்லை. திரும்பி நடந்தாள். சார்லஸ் முன்னால் போய்ப் படகைத் தண்ணீருக்குள் தள்ளினான். அவள் ஏறி உட்கார்ந்தாள். அவன் எஞ்சின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான்.

அப்போது கொட்டகைக்குள்ளிருந்து புஷ்பவள்ளியின் குரல் எழுந்தது. முதலில் அது பேச்சா அழுகையா என்று தெரியவில்லை. பிறகு அன்புமணியின் பெயரைச் சொல்லி, அவர் எஞ்சின் அறையில் இருந்ததைச் சொல்லி, நான் உன்னைத் திட்டினேனே என்று சொல்லி, ஒப்பாரியாக நீண்டது. கொஞ்ச நேரம் அந்த ஒரு குரல் மட்டும் தனியாக இருந்தது. பிறகு இன்னொரு பெண்ணின் குரல் அதோடு சேர்ந்தது. அப்புறம் இரண்டு, மூன்று, எண்ண முடியாதபடி.

சார்லஸ் கயிற்றை இழுக்கவில்லை. படகு கரையிலிருந்து நாலு முழம் நகர்ந்து, ஓதநீர் வடியத் தொடங்கிய ஆற்றில் மெல்ல ஆடிக்கொண்டு நின்றது. அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து, அது முடிகிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.